நாற்பது நிமிடப் படத்தில் அப்பாவுக்கு இடமில்லையாம்

இல்லை, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாற்பது நிமிடம்தான் படம், அதில் அப்பாவுக்கு இடமில்லை என்று சண்டை போட்டுவிட்டு இரும்புக் கேட்டை டமார் என்று சாத்திக்கொண்டு போய்விட்டாய். பதில் சொல்ல நான் வாயைத் திறக்கும்போது உன் செருப்பைக்கூடக் காணோம். சண்டை போடுகிறவன் எதிராளி பேசி முடிக்கும்வரையாவது நிற்க வேண்டாமா? நீ நிற்கவில்லை, அதனால் எழுதுகிறேன். குடையையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். ஸ்டேஷன் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. நன்றாக நனைந்துவிட்டு வா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரைக்கும் எல்லாரும் டீ குடித்துக்கொண்டே படிக்கட்டும், யார் பக்கம் நியாயம் என்று அவர்களே சொல்லட்டும். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நின்றவன் எழுதினால் போடுவார்களா என்று சிரிக்காதே. போடுவார்கள். மகனைத் திட்டி எழுதினால் எந்தப் பத்திரிகையும் போடும். ஆனால் ஊரே படிக்கப் போவதால் உனக்குத் தெரிந்த கதையையும் நான் விளக்கித்தான் எழுத வேண்டும். "இதெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா" என்று பக்கத்தைத் தள்ளாதே.

நீ அரசாங்கச் செலவில் ஜப்பானுக்கு இயந்திரம் படிக்கப் போனாய். படித்து முடித்ததும் இயந்திரக் கம்பெனிக்குப் போகாமல், படம் வரைகிற ஒரு சின்ன ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்துகொண்டாய். கார்ட்டூன் என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும், அனிமே என்று சொல்ல வேண்டும். சரி, அனிமே. சாலாக் செலாத்தானில் இருக்கிற உன் சித்தப்பா ஒரு நாள், "அண்ணே, ஒங்க மவனுக்கு அங்க என்னதான் வேலை?" என்று கேட்டார். "பூனைக்கு மீசை வரையறான்லா" என்றேன். மனுஷன் அதை நம்பிச் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ உன்னைப் பார்த்து, மீசை முடிந்ததா, வால் எப்போது என்று கேட்டது என்னால்தான். அதற்கு நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் அந்த மூன்று நாளும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

இந்த முறை லீவில் வரும்போது வேலையையும் கையோடு கொண்டுவந்தாய். ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதற்குள் போடுகிற ஒரு வட்டத் தட்டு, டிவியில் சொருகுகிற வயர். விளையாட்டு என்று நினைத்து நானும் உன் அம்மாவும் சோபாவில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். சுடவும் இல்லை, ஓடவும் இல்லை. ஒரு படம் வந்து அப்படியே நின்றது, கீழே எழுத்து ஓடியது. "என்னடா, மெஷின் கெட்டுப்போச்சா?" என்றேன். "இதுக்குப் பேரு விஷுவல் நாவல்ப்பா. படம் போட்ட கதை. படிச்சுக்கிட்டே போகணும். நடுவுல நடுவுல என்ன செய்யறதுன்னு நம்மளக் கேக்கும். நாம சொன்னாப்புல கதை போகும்" என்றாய். ஒரு வாரம் விடாமல் படித்தாலும் தீராத கதையாம். அதை நாற்பது நிமிட அனிமே படமாகச் சுருக்குகிற வேலையை ஸ்டூடியோ உன்னிடமும் யூக்கோவிடமும் கொடுத்திருக்கிறது. யூக்கோ யார் என்று பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் பத்திரிகை படிக்கிறவர்கள் கதையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் பின்னால் போய்விடுவார்கள்.

கதை ஒன்றும் பிரமாதம் இல்லை, ஆனால் விட முடியவில்லை. மலை ஊரிலிருந்து ஒரு பையன் துறைமுகப் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறான், மீனை டின்னில் அடைக்கிற ஃபேக்டரி. அங்கே படகுக்கு டிக்கெட் கொடுக்கிற கவுண்டரில் ஒரு பெண். உன் அம்மாவுக்கு அந்தப் பெண்ணைப் பார்த்த நிமிஷத்திலேயே பிடித்துவிட்டது. "நல்ல பொண்ணுங்க, பாருங்க, குனிஞ்ச தலை நிமிரல" என்றாள். "அது படம்டி, நிமிந்தா இன்னொரு படம் வரையணும்" என்றேன். நீ எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய். மெஷின் கேள்வி கேட்டால் எங்களைப் பார்ப்பாய். நான் வேண்டுமென்றே கோணலாகச் சொல்வேன். அந்தப் பெண்ணுக்குப் பூ வாங்கிக் கொடுக்கவா, கருவாடு வாங்கிக் கொடுக்கவா என்று கேட்டால் கருவாடு. பின்னால் ஓடிப் போகவா, வீட்டுக்குப் போய்த் தூங்கவா என்றால் தூங்கு. "அப்பா, இப்படி யாரும் செலெக்ட் பண்ண மாட்டாங்கப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். கருவாடு வாங்கிக் கொடுத்ததில் அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாளே, அதற்கு என்ன சொல்கிறாய்?

அந்தக் கதையில் சாயங்காலம் ஆனால் போன் அடிக்கும். பையன் தங்கியிருக்கிற வீட்டு நடையில் ஒரு கறுப்பு டெலிபோன். அடிக்கும்போதெல்லாம் திரையில் அந்த டெலிபோன் மட்டும் தெரியும், கீழே ஒரு சொல் வரும். என்னடா அது என்று கேட்டேன். "ஓத்தோசான். அப்பான்னு அர்த்தம். ஊர்லேர்ந்து அவங்க அப்பா கூப்புடுறாரு" என்றாய். எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். எடுத்தால் அந்த ஓத்தோசான் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. இன்றைக்கு மழை. பின்னால் இருக்கிற மரத்தில் பழத்தைக் காக்கா கொத்துகிறது. சாப்பிட்டாயா. அவ்வளவுதான், வைத்துவிடுவார். முகம் கிடையாது, குரல் கிடையாது, வெறும் எழுத்து. ஜப்பானிய மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். மணி அடித்தால் நீ படிப்பதற்கு முன்னாலேயே நான் "ஓத்தோசான்!" என்று கத்துவேன், எடுக்கச் சொல்வேன். ஒரே ஒரு தடவை, என்ன ஆகும் பார்ப்போமே என்று விஷமத்துக்கு, விடச் சொன்னேன். மணி அடித்து ஓய்ந்தது. கதை அது பாட்டுக்குப் போயிற்று, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். சர்க்கரை ஏறிவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீ இல்லை. மழை வரும்போல இருக்கிறது, இன்னும் வரவில்லை. "ஒரு எடத்துல ஒக்காந்து எழுதுங்க, கோழி மாதிரி அங்கயும் இங்கயும்" என்று உன் அம்மா சத்தம் போடுகிறாள். ஃபேனைக் கூட்டினால் காகிதம் பறக்கிறது, குறைத்தால் வேர்க்கிறது. நாளைக் காலையில் உனக்கு விமானம். பெட்டியைக் கட்டாமல் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறாய்?

சரி, சுருக்குகிற கதைக்கு வருகிறேன். போன வாரம் ஹாலில் இருந்த நாற்காலிகளை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டுத் தரை முழுவதும் அட்டைகளைப் பரப்பினாய். ஒரு காட்சிக்கு ஓர் அட்டை, அதில் பென்சிலால் சின்னப் படம். சமையலறைக்குப் போக வேண்டுமானால் உன் அம்மா கடலைத் தாண்டி, ஃபேக்டரியைத் தாண்டி, டிக்கெட் கவுண்டரை மிதிக்காமல் போக வேண்டியிருந்தது. நீ முட்டி போட்டு உட்கார்ந்து ஓர் அட்டையை எடுப்பாய், பார்ப்பாய், ஷூ பெட்டிக்குள் போடுவாய். போனது போனதுதான். புயல் இருந்தது. டிக்கெட் பெண் இருந்தாள். கருவாட்டைக்கூட வைத்துக்கொண்டாய், அதற்கு நன்றி. கறுப்பு டெலிபோன் அட்டைகளை மட்டும் ஒன்று விடாமல் பொறுக்கிப் பெட்டியில் போட்டாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ குளிக்கப் போனதும் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, புயலுக்கும் படகுக்கும் நடுவே வைத்தேன். நீ வந்து பார்த்தாய், தலையைச் சொறிந்தாய், திரும்பவும் பெட்டியில் போட்டாய். மறுநாள் இரண்டை வைத்தேன். உன் அம்மா பார்த்துவிட்டுக் காட்டிக்கொடுக்காமல் போனாள். அப்புறம் தினமும் அதுதான் என் வேலை. நீ பசாருக்கு மீன் வாங்கப் போனால் ஒரு டெலிபோன், போஸ்ட் ஆபீஸுக்குப் போனால் ஒரு டெலிபோன். உனக்குக் கண் கோளாறு என்று நீ நினைக்க ஆரம்பித்தாய். டாக்டரிடம் போகலாமா என்று என்னிடமே கேட்டாய், போய்விட்டு வா, லேட்டாக வா என்றேன்.

இன்றைக்கு மதியம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். நான் முட்டி போட்டபடி, கையில் அட்டையோடு. "அப்பா! நீங்கதானா? நான் பைத்தியம் புடிச்சுப் போச்சோன்னு நெனச்சேன்!" என்று நீ கத்தினாய். முதலில் உனக்கும் சிரிப்புதான் வந்தது, நான் பார்த்தேன். "ஏன்டா அந்த மனுசன வெட்டுற? பாவம், சாப்பிட்டியான்னு கேட்டதுக்கா?" என்றேன். "அப்பா, நாப்பது நிமிஷம்ப்பா. அந்த ஆள் கதைக்கு ஒண்ணுமே செய்யல. எடுத்தாலும் எடுக்காட்டியும் கதை மாறாது. படத்துல அப்பாவுக்கு எடம் இல்ல" என்றாய். உண்மைதான், கதை மாறாது. அதோடு நான் வாயை மூடியிருந்தால் நீ இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். என் வாய் சும்மா இருக்குமா? "கல்யாணத்துலயும் அதேதானா?" என்று கேட்டுவிட்டேன்.

படிக்கிறவர்களே, இப்போது யூக்கோ. இவனோடு அந்த ஸ்டூடியோவில் வேலை செய்கிற பெண். இவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண். போட்டோவில் பார்த்தோம், சிரித்த முகம். சாதி என்ன, மதம் என்ன என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மீன் கொழம்பு சாப்புடுமா?" என்று மட்டும் உன் அம்மா கேட்டாள். சாப்பிடுமாம். முடிந்தது பெண் பார்க்கிற சடங்கு. நீ வந்த இரண்டாம் நாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாய். "அங்கல்லாம் சிம்பிள்ப்பா. எம்பசி காகிதம் ரெடி. ஒரு ஃபாரம் எழுதி, ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கி, ஆபீஸ் கவுண்டர்ல குடுத்தாப் போதும். அஞ்சு நிமிஷம். ஒங்கள அந்தக் குளிர்ல அலைய வைக்க வேணாம்னு பாக்கறோம். போட்டோ அனுப்பறேன்." உன் அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "ஆகா, அஞ்சு நிமிஷமா! எடிட்டே பண்ண வேணாம்லா! என் வேலய மிச்சம் பண்ணிட்டான் பாரு!" என்று சொல்லி, எச்சில் கையால் உன் முதுகில் தட்டினேன். நீ சிரித்தாய். உன் முகத்தில் பாரம் இறங்கியது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இன்று நான் அப்படிக் கேட்டதும் நீ சொன்னது இதுதான். "நீங்கதானேப்பா சரின்னீங்க? சிரிச்சீங்களே!" சொன்ன வேகத்தில் கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டாய். ஆமாம், சிரித்தேன். நான் எதற்குத்தான் சிரிக்கவில்லை? உன் தாத்தா செத்த வீட்டிலேயே பாடை கோணலாக இருக்கிறது என்று கேலி பேசி அடி வாங்கினவன் நான். நான் சிரித்தால் சம்மதம் என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறது? இத்தனை வருஷம் என்னோடு இருந்தும் உனக்கு அது தெரியவில்லையா? தெரியாது. எனக்கே தெரியாது. வாயிலிருந்து கேலி முதலில் வந்துவிடும், மனசு பின்னால் பஸ்ஸைத் தவறவிட்டவன்போல ஓடி வரும். அதற்குள் எல்லாரும் சிரித்து முடித்து எழுந்து போயிருப்பார்கள்.

பத்திரிகைக்காரர்களுக்கு என் தொழில் என்ன என்று சொல்ல மறந்துவிட்டேன். கல்யாண வீடியோ. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில், இரண்டு வீடியோ டெக் வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து வருஷம் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்த கல்யாணத்தை எல்லாம் நான்தான் சுருக்கினேன். விடியற்காலை பந்தக்கால் முதல் ராத்திரி டேவான் மண்டபத்தில் விருந்து வரைக்கும் எடுத்துக்கொண்டு வந்து ஒரு கேசட்டுக்குள் அடைக்க வேண்டும். பார்க்கிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? மேடையில் வரிசையாக வந்து மொய்க் கவர் கொடுத்துவிட்டு நின்று சிரிக்கிற இடம் வந்தால் எல்லாரும் வேகமாக ஓட்டுவார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தன் முகம் வருகிற இடத்தில் நிறுத்துவார்கள். அந்த இடம் இல்லாவிட்டால் என் மாடிப்படி ஏறி வந்துவிடுவார்கள். "அங்கிள், நான் வந்தேனே, என்ன ஏன் போடல?" அதனால் நான் மந்திரத்தைக் குறைத்தேன், சாம்பாரைக் குறைத்தேன், வரிசையில் கை வைக்கவில்லை. தொழில் என்றால் அவ்வளவுதான், வேறு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

கிள்ளானில் ஒரு கல்யாணம் உனக்குத் தெரியும், ஆனாலும் கேள். மாப்பிள்ளை பேங்கில் வேலை, டை கட்டுகிற ஆள். அவன் அப்பா லோரி ஓட்டுகிற முனியாண்டி. காலையிலேயே கொஞ்சம் உள்ளே இறக்கிவிட்டு வந்து, நாதஸ்வரத்துக்கு முன்னால் ஆடினார், ஐயர் வாயில் லட்டு ஊட்டப் போனார், தாலி கட்டும்போது மைக் இல்லாமலேயே மண்டபம் அதிரச் சிரித்தார். கல்யாணம் முடிந்த வாரம் மாப்பிள்ளை என் கடைக்கு வந்தான். "அங்கிள், ப்ளீஸ், அப்பா வர்ற எடமெல்லாம் வெட்டிருங்க. பொண்ணு வீட்டுக்காரங்க பாப்பாங்க, மானம் போயிரும்." நான் ஓட்டிப் பார்த்தேன். எங்கே வெட்டுவது? மனுஷன் மகனுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறார். அவரை வெட்டினால் தாலி கட்டுவதையும் சேர்த்து வெட்ட வேண்டும். அப்போதுதான் படத்தின் மேல் இன்னொரு படத்தை வைக்கிற பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தேன். ரோஜா, ஹார்ட், புறா எல்லாம் வரும். முனியாண்டி முகம் வருகிற இடத்தில் எல்லாம் ஒரு சிவப்பு ரோஜாவை விரிய விட்டேன். சத்தத்தில் கை வைக்கவில்லை. வைத்தால் நாதஸ்வரம் போய்விடும்.

என்ன ஆயிற்று? வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள். பெண் வருகிறாள், மாப்பிள்ளை வருகிறான், பக்கத்தில் ஒரு ரோஜா நடந்து வருகிறது. ரோஜா ஆடுகிறது. ஐயர் ரோஜாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்கிறார். தாலி கட்டும்போது ரோஜாவுக்குள்ளேயிருந்து "ஹோ ஹோ ஹோ" என்று ஒரு சிரிப்பு. அந்தக் கேசட்டில் பெண்ணை யாரும் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் ரோஜாமேல்தான். பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பின்னால் ஓட்டிப் பார்த்து, ரோஜா சிரிக்கிற இடத்தில் நாடா தேய்ந்து கோடு கோடாக வந்துவிட்டது. மாப்பிள்ளை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனான். அடுத்த வாரம் முனியாண்டியே மாடி ஏறி வந்தார். லோரி கேட்டைத் திறக்கிற கை, ஒரே அடியில் நான் தீர்ந்தேன் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தார். "அண்ணே, நீங்கதான் எனக்கு ரோசாப்பூ வச்சதா?" என்றார். "ஒங்க மவன் வெட்டச் சொன்னாரு. எனக்கு வெட்டத் தெரியல" என்றேன். மேஜைமேல் கிடந்த ஒரு கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "மவன் வெட்டச் சொன்னானா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "பரவால்ல, எனக்கும் அந்தக் கேசட்டுல ஒரு காப்பி போட்டுக் குடுங்க. வீட்ல புள்ளைங்க என்னய ரோசாப்பூன்னுதான் கூப்புடுதுங்க" என்றார். கேசட்டை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது சிரித்தார், அதே சிரிப்பு. கீழே பூக்கடைக்காரி பயந்து எட்டிப் பார்த்தாள். இந்தக் கதையை நான் எத்தனையோ காப்பிக் கடையில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர் "மவன் வெட்டச் சொன்னானா" என்று சொன்ன இடத்தை மட்டும் எங்கேயும் சொன்னதில்லை. இப்போதுதான் முதல் தடவை.

மழை பிடித்துக்கொண்டது. வாசலில் நிற்கிறாய். கோழிபோல நனைந்திருக்கிறாய், கையில் மட்டும் பொட்டலம் நனையாமல். மாவில் முக்கிப் பொரித்த வாழைப்பழமா வாங்கப் போனாய்? கோபித்துக்கொண்டு போகிறவன் எங்கேயாவது பலகாரம் வாங்கிக்கொண்டு வருவானா? உன் அம்மா துண்டோடு ஓடுகிறாள். நான் பேனாவை வைக்கவில்லை. வந்து எதிரில் உட்கார், தலையைத் துவட்டு, படிக்கிறேன் கேள்.

கேட்டாய். பூனை மீசைக்கு முகத்தைச் சுளித்தாய், அட்டை திருடின இடத்தில் உன் அம்மா பக்கம் திரும்பி "நீங்களும் கூட்டாம்மா?" என்றாய். ரோஜா வந்தபோது பாதி கடித்த பழத்தைத் தட்டில் வைத்துவிட்டாய். நான் படித்து முடித்துவிட்டு, எழுதாததையும் சேர்த்துச் சொன்னேன். "முகம் வேணாம்டா. எடமும் வேணாம். டிக்கெட் பொண்ணு நடந்து போகட்டும், படகு போகட்டும், மணி மட்டும் அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும். நேரம் எடுக்காதுலா." நீ தலையைத் தூக்கவில்லை. "அது எங்களுக்குத் தெரியாதாப்பா? யூக்கோ மொத நாளே அதத்தான் சொன்னா. நான்தான் வேணாம்னேன்" என்றாய். ஏன் என்று கேட்டேன். "அந்த மணி சத்தம் கேட்டா எனக்கு வேலை ஓடல. ஞாயித்துக்கெழம நீங்க கூப்புடறது மாதிரியே இருக்கு." ஈரத் துண்டை மடித்துக்கொண்டே சொன்னாய். "சில ஞாயித்துக்கெழம நான் வீட்லதான்ப்பா இருப்பேன். எடுக்க மாட்டேன். எடுத்தா என்னிக்கு வரேன்னு அம்மா கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு தெரியாது." உன் அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எனக்குத் தெரியும்டா. நீ வீட்டில் இருந்துகொண்டே எடுக்காத நாள் எது, வெளியே போன நாள் எது என்று மணி அடிக்கிற விதத்திலேயே எனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்ளத்தான் ஆசை, ஆனால் அது பொய். தெரியாது. வெளியே போயிருப்பான் என்றுதான் ஒவ்வொரு தடவையும் உன் அம்மாவிடம் சொன்னேன். நானும் நம்பினேன். மணி முழுவதும் அடித்து ஓயும்வரை வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன், அது பழக்கமாகிவிட்டது. இதைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது வெட்டிவிட வேண்டும்.

ஆகவே, இந்தத் தடவை கேலி எதுவும் முன்னால் வந்து விழாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத எழுத உனக்குச் சத்தமாகவும் படிக்கிறேன். நான் உன் கல்யாணத்துக்கு வர வேண்டும். உன் அம்மாவும் வர வேண்டும். அஞ்சு நிமிஷம் என்றால் அஞ்சு நிமிஷத்துக்கு வருகிறோம். கவுண்டரில் நீ காகிதம் கொடுக்கும்போது எங்கேயாவது ஓரமாக, ஒரு தூணுக்குப் பின்னால் நிற்கச் சொன்னால்கூட நிற்கிறோம். அந்த ரெண்டு சாட்சியில் ஒருவன் நானாக இருக்கலாம் என்று சட்டம் சொன்னால், நாலாவது படித்த கையெழுத்து கோணலாக இருந்தாலும் போடுவேன். குளிரைப் பற்றிக் கவலைப்படாதே. கேமரன் மலைக்குப் போனபோது வாங்கின சுவெட்டர் இருக்கிறது, உன் அம்மா அதை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை, கரப்பான் தின்றிருந்தாலும் மேலே உன்னுடையதைப் போட்டுக்கொள்கிறேன். கேமராவும் கொண்டுவருவேன், சும்மாதான், யாரையும் வெட்ட மாட்டேன், மறைக்க மாட்டேன், யூக்கோ வீட்டுக்காரர்கள் எல்லார் முகமும் முழுசாக வரும், ரோஜாப் பெட்டியை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன் என்று சத்தியம் பண்ணு என்றாலும் பண்ணுகிறேன், அப்புறம் அந்த மீன் குழம்புக்கு மசாலாத் தூள் விமானத்தில் விடுவார்களா என்று நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும், இன்னொன்றும் இருக்கிறது

டேய், எங்கே போகிறாய்? இன்னும் முடியவில்லை, படித்துக்கொண்டிருக்கிறேன் இல்லையா, பழம்கூடப் பாதி அப்படியே தட்டில் கிடக்கிறது. நடையில் போன் இருக்கிற இடத்துக்குப் போய்விட்டாய். நீளமான நம்பர் சுழற்றுகிற சத்தம். அப்புறம் யூக்கோ என்று ஒரு தடவை, பிறகு ஜப்பானிய மொழி, தடதடவென்று, ஒரு எழுத்து புரியவில்லை.

"என்னங்க சொல்றான்?" என்று உன் அம்மா கேட்கிறாள்.

"ஓத்தோசான்னு சொன்னான்."

"படத்துக்கா, கல்யாணத்துக்கா?"

தெரியவில்லை என்று கையை விரித்தேன். மழையில் சரியாகக் காதில் விழவில்லை, எழுந்து போய்க் கேட்கவும் பயமாக இருக்கிறது. இதோ, இன்னொரு தடவை சொல்கிறாய். உன் அம்மா என்னிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அலமாரியைத் திறக்கிறாள், சுவெட்டரைத் தேடுகிறாள்.